கொலைகாரனுக்கும் ஒரு கூட்டாளி

2024 ஜூலை 25-ஆம் தேதி 'டெட் பை டேலைட்' என்ற திகில் விளையாட்டில் ஒரு புதிய மோட் (ஆட்ட முறை) வந்தது. வந்த உடனேயே அதை ஆடியவர்களிடமிருந்து எழுந்த பெரிய புகார், கில்லராக ஆட இடம் கிடைக்கவில்லை என்பது. துரத்திக் கொல்கிறவராக ஆட வந்தவர்கள் வரிசையில் நெடுநேரம் காத்துக் கிடந்தார்கள். அவ்வளவு கூட்டம்.

தி.நகரில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் அலுவலகத்தில், மதியச் சாப்பாட்டு நேரத்தில் இதைப் பேச்சுவாக்கில் சொன்னேன். பக்கத்து மேசைக்காரர், காலேஜ் போகிற பையனுக்கு அப்பா, கேட்டுவிட்டு, "பாத்தீங்களா மேடம், சான்ஸ் கிடைச்சா எல்லாருக்கும் கொலைகாரனாகத்தான் ஆசை" என்றார். பெற்றோர்கள் பலர் இப்படித்தான் நினைக்கிறார்கள். நான் நாற்பது வயதைத் தாண்டியவள், அந்த மோட் இருந்த இரண்டு வாரமும் அதை ஆடியவள். அவர் சொன்னது சரியில்லை என்று எனக்கு உறுதியாகத் தெரியும்.

ஆடாதவர்களுக்காக ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் மாண்ட்ரியலில் இருக்கும் பிஹேவியர் இன்டராக்டிவ் என்ற நிறுவனம் 2016 ஜூனில் வெளியிட்ட கேம் இது. இணையத்தில் ஐந்து பேர் சேர்வார்கள். நான்கு பேர் சர்வைவர், ஒருவர் கில்லர். இருட்டு, சுற்றிலும் மதில், உள்ளே அங்கங்கே ஜெனரேட்டர்கள். ஐந்து ஜெனரேட்டரை ஓடவைத்தால் வெளிக்கதவுக்குக் கரண்ட் வரும். கதவைத் திறந்து தப்பிக்கலாம். அதற்குள் கில்லர் அடித்து வீழ்த்தினால் தூக்கிக்கொண்டு போய் கொக்கியில் மாட்டிவிடுவார். இன்னொரு சர்வைவர் வந்து இறக்கிவிட வேண்டும். மூன்றாவது முறை மாட்டினால் ஆட்டம் முடிந்தது. கில்லர் நெருங்க நெருங்க இதயத்துடிப்புச் சத்தம் காதில் ஏறிக்கொண்டே வரும். இன்னும் நாலு நொடி நின்று இந்த ஜெனரேட்டரை முடித்துவிடலாமா, இப்போதே ஓடிவிடலாமா என்று கை நடுங்கும் அந்தத் தவிப்புதான் இந்த கேமின் உயிர்.

இந்த கேமுக்குள் குரலில் பேசிக்கொள்ள வழி கிடையாது. நண்பர்களாகச் சேர்ந்து ஆடுகிறவர்கள் டிஸ்கார்ட் என்ற செயலியில் பேசிக்கொள்வார்கள். முன்பின் தெரியாதவர்களோடு ஆடும்போது கையை நீட்டிக் காட்டலாம், 'வா' என்று சைகை செய்யலாம், உட்கார்ந்து எழலாம். அவ்வளவுதான் மொழி.

புதிய மோடில் இரண்டு கில்லர், எட்டு சர்வைவர். மைதானம் பெரிதாயிற்று. முடிக்க வேண்டிய ஜெனரேட்டர் எட்டு. கொக்கிக்குப் பதில் கூண்டு. விழுந்தவரைக் கில்லர் எங்கோ தள்ளி இருக்கும் கூண்டுக்கு அனுப்பிவிடுவார். எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம், பெர்க் கிடையாது. பெர்க் என்பது ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய தனித்திறன். எட்டு வருடத்தில் அவை 200-க்கு மேல் சேர்ந்துவிட்டன. அதில் நான்கைப் பொறுக்கி எடுத்து வர வேண்டும். எது எதோடு சேரும், எதிராளி எதைக் கொண்டு வந்திருப்பார் என்று தெரியாமல் உள்ளே போனால் மூன்று நிமிடத்தில் கொக்கிதான். புதிய மோட் அந்த மூட்டையை வாசலிலேயே இறக்கி வைத்தது. சர்வைவருக்கு நான்கே வகுப்புகள்: கைடு, ஸ்கவுட், மெடிக், எஸ்கேபிஸ்ட். ஒன்றை எடுத்துக்கொண்டு ஆட வேண்டியதுதான்.

நான் உள்ளே போனது இதனால்தான். என் அண்ணன் மகன் அடையாறில் இருக்கிறான், இன்ஜினியரிங் மூன்றாம் வருடம். நான் மயிலாப்பூரில், சித்திரக்குளத்துக்குப் பக்கத்துத் தெரு. அவன் ஆடுவதைப் பல நாள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். கூப்பிடுவான், மறுத்துவிடுவேன். ஜூலை கடைசியில், "அத்தை, இதுல ஒண்ணுமே தெரிஞ்சிருக்க வேணாம். மெடிக் எடுங்க. விழுந்தவங்களை எழுப்பிவிட்டாப் போதும், ஓடுறதை நாங்க பாத்துக்குறோம்" என்றான். அவனுடைய வகுப்புத் தோழி ஒருத்தி, தி.நகர்க்காரி, டிஸ்கார்டில் சேர்ந்துகொண்டாள். அவளும் எனக்கு "ஆன்ட்டி, அந்தச் சுவரை ஒட்டியே வாங்க" என்று வழி சொன்னாள். மீதிப் பேர் யாரோ. பெயர்களைப் பார்த்தால் எந்த ஊர் என்றே தெரியாது.

ஒரு ஆட்டத்தில் நான் ஒருவருக்குக் காயம் ஆற்றிக்கொண்டிருந்தேன். இதயத்துடிப்புச் சத்தம் ஏறியது. தாலாட்டு முனகிக்கொண்டே கோடரி எறியும் 'ஹன்ட்ரஸ்' என்ற கில்லரின் குரலும் சேர்ந்து கேட்டது. அந்தப் பாட்டு கேட்டாலே எனக்கு உடம்பு சில்லிடும். எழுந்து ஓடப் பார்த்தேன். அப்போது எங்கிருந்தோ ஒரு சர்வைவர் குறுக்கே வந்து, வேண்டுமென்றே ஹன்ட்ரஸின் கண்ணில் பட்டு, அவளைத் தன் பின்னால் இழுத்துக்கொண்டு வேறு பக்கம் ஓடினார். அவருக்கு ஒரு லாபமும் கிடையாது. அவர் விழுந்தார், கூண்டுக்குப் போனார், பிறகு யாரோ போய் விடுவித்தார்கள். கடைசியில் வெளிக்கதவருகே எங்களைப் பார்த்ததும் இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தார். நானும் பதிலுக்கு அதையே செய்தேன். அவர் யார் என்று இன்றுவரை தெரியாது. எட்டுப் பேருக்கு இடம் இருந்ததால்தான் ஒருவர் இப்படித் தன்னைச் செலவு செய்துகொள்ள முடிந்தது. நான்கு பேர் ஆட்டத்தில் ஒருவர் துரத்தப்பட்டு இன்னொருவர் மாட்டப்பட்டுவிட்டால் பாதி அணியே இல்லை. அங்கே பெருந்தன்மைக்கு இடம் குறைவு.

இனி அந்தக் கில்லர் வரிசைக்கு வருகிறேன்.

பழைய ஆட்டத்தில் கில்லராக உட்காருவது எப்படிப்பட்டது என்று அண்ணன் மகன் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். சர்வைவருக்குத் தன் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கும் பார்வை. திரும்பாமலே பின்னால் வருபவரைப் பார்க்கலாம். கில்லருக்குத் தன் கண்ணில் படுவது மட்டும்தான். எதிரே நான்கு பேரும் டிஸ்கார்டில் பேசிக்கொண்டிருக்கலாம், சிரித்துக்கொண்டிருக்கலாம். கில்லரிடம் பேச யாருமில்லை. மாட்டியவர் பக்கத்தில் நின்றால் 'கேம்ப் பண்றான்', ஒருவரையே துரத்தினால் 'டனல் பண்றான்'. தோற்றால் வெளிக்கதவில் நின்று உட்கார்ந்து எழுந்து கேலி செய்வார்கள். ஜெயித்தால் ஆட்டம் முடிந்த பிறகு எழுத்தில் திட்டுவார்கள். கபடியில் ரெய்டு போகிறவன் தனியாகத்தான் எதிர்க்களத்துக்குள் நுழைகிறான், ஆனால் கோட்டுக்குப் பின்னால் அவன் அணி நிற்கிறது, தொட்டுவிட்டுத் திரும்பினால் தட்டிக்கொடுக்க ஆள் உண்டு. இந்தக் கில்லருக்குக் கோட்டுக்குப் பின்னால் வெறும் இருட்டு. அண்ணன் மகன் ஒரு கட்டத்தில் கில்லராக ஆடுவதையே விட்டுவிட்டான். "ஜெயிச்சாலும் தலைவலி அத்தை" என்பான்.

புதிய மோட் அந்த இருட்டில் இன்னொருவரைக் கொண்டுவந்து நிறுத்தியது. டிராப்பர், ரெய்த், ஹில்பில்லி, நர்ஸ், ஹன்ட்ரஸ் என்று ஐந்து கில்லர்கள், அதில் எந்த இருவர் வேண்டுமானாலும் ஜோடி சேரலாம். அண்ணன் மகனும் அந்தத் தோழியும் சேர்ந்து கில்லராக இறங்கிய ராத்திரி நான் டிஸ்கார்டில் கேட்டுக்கொண்டிருந்தேன். "நீ அந்தப் பக்கம் பொறி வை, நான் இந்தப் பக்கமிருந்து விரட்டுறேன்", "ஏய், விட்டுட்டேன் டி, உன் பக்கம்தான் வர்றான்", "பரவால்ல, நீ ஜெனரேட்டர் பாரு". யாரையும் கொல்வது பற்றி ஒரு பேச்சும் இல்லை. யார் எங்கே நிற்பது, யார் விட்டதை யார் பிடிப்பது என்பதுதான் முழுக்க. அன்று அவர்கள் படுதோல்வி. எட்டில் பெரும்பாலானவர்கள் தப்பிப் போனார்கள். அவன் தோற்றுவிட்டுச் சிரித்ததைக் கில்லர் ஆட்டத்தில் நான் முதல்முறையாக அன்றுதான் கேட்டேன்.

ஆகவே கில்லர் வரிசையின் நீளத்தைக் கொலைவெறியின் அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கொல்லும் ஆட்டம் எட்டு வருடமாகத் திறந்தே இருந்தது. அதற்கு இப்படிக் கூட்டம் அலைமோதவில்லை. கூட்டம் சேர்ந்தது ஜோடியாக உட்கார இடம் கிடைத்தபோது.

எல்லோரும் இந்த மோடைக் கொண்டாடவில்லை. பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு விஷயம் சொன்னார்கள். ஒன்று, பெர்க் இல்லாததால் ஆட்டம் தட்டையாகிவிட்டது, வருடக்கணக்காகச் சேர்த்த அறிவுக்கு வேலையில்லை என்பது. அவர்கள் உழைப்பை நான் மதிக்கிறேன். அந்த அறிவுக்கு வேலை தருகிற பழைய மோட் அப்படியேதான் இருக்கிறது. எல்லா வாசலிலும் அதே நுழைவுத்தேர்வு வேண்டும் என்று கேட்பதை மட்டும் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று, பயம் போய்விட்டது என்பது. இதில் உண்மை இருக்கிறது. எட்டுப் பேர் ஓடும் மைதானத்தில் எப்போதும் எங்காவது ஒரு களேபரம். தனியாக ஒரு மூலையில் ஜெனரேட்டரைத் தட்டிக்கொண்டு இதயத்துடிப்புக்குக் காதைக் கொடுத்துக் காத்திருக்கும் அந்தப் பயங்கரம் இதில் குறைவு. ஆனால் குறைந்த பயம் தாழ்ந்த பயம் என்று யார் முடிவு செய்தது? இந்த ஊரில் நாங்கள் கூட்டமாகப் பயந்தே பழகியவர்கள். ஆழ்வார்பேட்டையில் செயின்ட் மேரீஸ் சாலையை ஒட்டி இருக்கிற டிமான்ட்டி காலனிக்கு, போர்த்துகீசிய வணிகர் ஜான் டி மான்ட்டி பெயரில் இருந்த அந்தப் பாழடைந்த வீடுகளைப் பார்க்க, ராத்திரி பைக்கில் போகாத மயிலாப்பூர், மந்தைவெளிப் பையன்கள் குறைவு. எவனும் தனியாகப் போனதில்லை. மூன்று பைக், ஆறேழு பேர், ஒருவன் ஹெட்லைட்டை அணைத்ததும் மொத்தமாகக் கத்தல். அஜய் ஞானமுத்து 2015-இல் எடுத்த 'டிமான்ட்டி காலனி' படத்திலும் உள்ளே போகிறவர்கள் நான்கு நண்பர்கள். பெசன்ட் நகர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அடையாறு முகத்துவாரத்தில் இருக்கும் உடைந்த பாலம். 1967-இல் மீனவர்கள் நடந்து கடக்கக் கட்டியது, 1977 வெள்ளத்தில் அறுந்தது. அங்கே பேய் உலவுகிறது என்ற கதை எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து உண்டு. அந்தப் பாலத்துக்கும் கூட்டமாகத்தான் போவார்கள். 'சந்திரமுகி' சாந்தி தியேட்டரில் 800 நாளுக்கு மேல் ஓடியது. அந்தப் படத்தைப் பார்த்துப் பயந்தவர்கள் எல்லாம் ஆயிரம் பேர் நடுவில் உட்கார்ந்து பயந்தவர்கள். சத்தம் போட்டுக் கத்திவிட்டுப் பக்கத்து சீட்டுக்காரரைப் பார்த்துச் சிரிப்பதும் சேர்த்துதான் அந்த அனுபவம். எட்டுப் பேர் மோட் எனக்கு அந்நியமாகவே படவில்லை. தனியாக நடுங்க விரும்புகிறவர்களுக்குத் திகில் கேம்களில் பஞ்சமே கிடையாது. சேர்ந்து நடுங்க இன்னும் கொஞ்சம் இடம் வேண்டும் என்பதுதான் என் கட்சி.

ஆடுகிறவர்கள் எதைப் பற்றிப் புகார் சொல்கிறார்கள் என்று பாருங்கள்: காத்திருப்பு, நியாயம், துணை. பெரியவர்கள் இத்தனை வருடமாக எதைப் பற்றிக் கவலைப்பட்டோம்? 2019 பிப்ரவரியில் பப்ஜி மொபைலில் 'ரெசிடென்ட் ஈவில் 2' கேமோடு சேர்ந்து ஒரு ஜாம்பி மோட் வந்தது. சூரியன் மறைந்ததும் பிணங்கள் எழுந்து வரும், விடியும்வரை தாக்குப் பிடிக்க வேண்டும். இந்தியாவில் செல்போன் வைத்திருந்த பிள்ளைகள் பலருக்கு அதுதான் சேர்ந்து ஆடிய முதல் திகில் ஆட்டம். அண்ணன் மகன் அப்போது பள்ளிக்கூடத்தில். பிறகு 2020 செப்டம்பர் 2-ஆம் தேதி 118 செயலிகளில் ஒன்றாகப் பப்ஜியே தடையானது. 2021 ஜூலையில் அது பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தபோது ரத்தத்தின் நிறத்தைப் பச்சையாக மாற்றியிருந்தார்கள். 2022 ஜூலையில் மறுபடி நீக்கப்பட்டு, 2023 மே மாதம் மறுபடி வந்தபோது நேரக் கட்டுப்பாடும் சேர்ந்தது: 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம், மற்றவர்களுக்கு ஆறு. நேரக் கட்டுப்பாட்டை நான் வரவேற்கிறேன். பச்சை ரத்தம் யாரையாவது காப்பாற்றியது என்று எனக்குத் தோன்றவில்லை.

உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருந்தது. 2021 ஜூனில், பப்ஜியை நேரலையில் ஆடிக்கொண்டே பெண்களைக் கேட்கக் கூசும் வார்த்தைகளில் பேசிய யூடியூபர் ஒருவர் சென்னை காவல்துறை வழக்கில் கைதானார். அந்தப் பேச்சை ரசித்துக் கேட்டவர்களில் பள்ளிப் பிள்ளைகளும் இருந்தார்கள் என்பதுதான் அப்போது எங்கள் வீட்டில் எல்லோரையும் உலுக்கியது. நான் இன்றும் தெரியாதவர்களோடு மைக் போட்டு எந்த கேமும் ஆடுவதில்லை. அந்த தி.நகர்ப் பெண்ணும் அப்படித்தான். வேறு கேம்களில் தன் பெயரையே ஆண் பெயராக வைத்திருக்கிறாள். ஆகவே குரல் இல்லாத, சைகை மட்டும் உள்ள ஒரு கேம் எங்கள் இருவருக்கும் எவ்வளவு பெரிய நிம்மதி என்பது, ரத்தத்தின் நிறத்தைப் பற்றிக் கூட்டம் போட்டவர்கள் யாருக்கும் தெரிந்திருக்காது. எங்களைக் கேட்டால் சொல்லியிருப்போம். 2025 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் ஆன்லைன் கேமிங் சட்டம், பணம் கட்டி ஆடும் ஆட்டங்களைத் தடை செய்துவிட்டு, இ-ஸ்போர்ட்ஸையும் பொழுதுபோக்கு ஆட்டங்களையும் தனியாகப் பிரித்திருக்கிறது. அந்தப் பிரிவினை சரியானது. அடுத்து விதிகள் பேசப்படும் மேசைகளில் ஆடுகிற பெண்கள் இரண்டு பேராவது உட்கார வேண்டும்.

இந்த மோடைப் பற்றி எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் அதன் காலம். முதல் முறை அது ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 8 வரை மட்டும் இருந்தது. அந்த வருடம் ஜூலை 31 வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்குக் கடைசி நாள். ஆடிட்டர் அலுவலகத்தில் அந்த வாரம் எப்படியிருக்கும் என்று வரி கட்டுகிற யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. வெளியே ரங்கநாதன் தெரு முழுக்க ஆடித் தள்ளுபடிக் கூட்டம், உள்ளே ஃபார்ம் 16 குவியல், வீட்டுக்கு வந்து சேரும்போது கண் எரியும். இருந்தும் இரண்டு ஆட்டமாவது ஆடிவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன், ஏனென்றால் எட்டாம் தேதி போய்விடும். ஆட்டம் ஓய்வுக்கு. தேதி போட்டுவிட்டால் அதுவும் ஒரு கெடுவாகிவிடுகிறது. தூக்கத்தை விட்டு ஆடாதே என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். பிள்ளைகள் விரும்பும் ஒன்றை இரண்டு வாரத்தில் எடுத்துவிடுவோம் என்று அறிவிப்பதும் அதே தூக்கத்தைத்தான் தின்கிறது. பப்ஜியின் ஜாம்பி மோடும் வந்த வருடம் முடிவதற்குள் எடுக்கப்பட்டது. அதற்காக அண்ணன் மகன் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தது எனக்கு நினைவிருக்கிறது. கேம் துறை முழுக்கவே இன்று இந்தப் பழக்கத்தில் இருக்கிறது.

நிறுவனங்களின் பக்கத்திலும் ஒரு நியாயம் உண்டு. ஆடுகிறவர்கள் இரண்டு மோடாகப் பிரிந்தால் இரண்டிலுமே ஆள் சேரக் காத்திருக்க வேண்டும். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கூட்டம் தாங்கும். மும்பை சர்வரை நம்பியிருக்கும் நம் பக்கத்தில் எந்த நேரமும் பத்துப் பேரைச் சேர்ப்பது எளிதல்ல. அதனால் வருடம் முழுக்கத் திறந்து வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. 2024 கடைசியில் இந்த மோட் மறுபடி வந்தது, வேறு சில கில்லர்களும் சேர்ந்திருந்தார்கள், பிறகும் வந்து வந்து போயிற்று. வருவது முன்கூட்டித் தெரிந்தால் போதும். மாதத்தில் முதல் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் என்று நிலையாக வைத்துவிடலாம். அந்த இரண்டு நாளில் எல்லோரும் ஒரே இடத்தில் சேர்வதால் வரிசையும் குறையும், கில்லராக உட்காரவும் இடம் கிடைக்கும். செமஸ்டர் பரீட்சை இருக்கிறவன் அந்த மாதம் விட்டுவிட்டு அடுத்த மாதம் வருவான். சனிக்கிழமை ராத்திரி என்றால் அண்ணியும் சத்தம் போட மாட்டார். எனக்கும் ஜூலையைத் தவிர மற்ற மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் கிடையாது.